பென்குயின் எனக்குப் பழக்கம்

பிப்ரவரி 11

மழை. முழங்கால் தூங்கவிடவில்லை. தங்கை மகள் நாஹித்தின் கேம் கடையில் இன்று மறுபடி இரண்டு கம்ப்யூட்டர்கள் வைரஸ் பிடித்துப் படுத்துவிட்டன. எல்லாவற்றிலும் இருப்பது திருட்டு விண்டோஸ். பாவம், அதற்கும் வயசாகிவிட்டது, எனக்கு ஆனதுபோல. புருஷன் இறந்தபிறகு அந்தக் கடைதான் அவளுக்குச் சோறு. கட்டடம் புருஷனின் அண்ணன் மஹ்ரூஸுடையது. காலி பண்ணு, மருந்துக்கடைக்காரர் கேட்கிறார் என்று வாராவாரம் வந்து நிற்கிறான்.

"லினக்ஸ் போட்டுடலாம்மா. வைரஸே அண்டாது" என்றேன்.

"உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியுமாவா? பென்குயின் எனக்குப் பழக்கம்."

லினக்ஸுக்கு அடையாளம் பென்குயின். லிபியாவில் லாரி ஓட்டிய காலத்தில் ஓர் இத்தாலிய எஞ்சினியர் தன் கம்ப்யூட்டரையே என்னை நம்பி விட்டுவிட்டுப் போனார். விட்டுவிட்டு என்றால் — வண்டியில் மறந்துவிட்டு. மறுநாள் வந்து வாங்கிக்கொண்டார். மூடியில் பென்குயின் ஸ்டிக்கர் இருந்தது. நல்ல மனிதர்.

பிப்ரவரி 15

கடையின் எட்டு கம்ப்யூட்டரிலும் போட்டாயிற்று. எங்கள் ஊர் தமன்ஹூரிலேயே முதல் பென்குயின் கடை. ஏன், நைல் டெல்டா முழுக்கவே இதுதான் முதல்.

கேம்களெல்லாம் விண்டோஸுக்கென்று எழுதியவை. லினக்ஸில் ஓட நடுவில் ஓர் அடுக்கு வேண்டும். கேம் ஒரு பாஷை பேசும், லினக்ஸ் இன்னொரு பாஷை, அடுக்கு நடுவில் நின்று சொல்லிக் கொடுக்கும். லிபியாவில் பெங்காஸியில் இத்தாலியர்களுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் நான் நின்ற மாதிரி. (எனக்கு இத்தாலிய மொழியில் நாலு வார்த்தை தெரியும். மூன்று வசவு.) பிறகு கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு டிரைவர். டிரைவர் சரியில்லை என்றால் எந்த வண்டி ஓடும்?

கேம்களைப் புதிதாக இறக்க வழியில்லை. இன்டர்நெட் கோட்டா மாசப் பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது. கேம் ஏற்றிய ஹார்டு டிஸ்க் தெருவுக்கே ஒன்றுதான், அது பெருநாள் பலகாரம் கஹ்க் வைத்த தட்டுபோல வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. நான் ஒரு சூட்சுமம் செய்தேன். பழைய விண்டோஸ் டிஸ்க்கை அழிக்கவே இல்லை. கேம்கள் அதிலேயே இருக்கட்டும், லினக்ஸ் எட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும்.

நாளைக்குப் பறக்கும்.

பிப்ரவரி 16

பறக்கவில்லை.

பிப்ரவரி 20

எதைத் திறந்தாலும் ஒரு சுழல் சுற்றுகிறது, பிறகு ஒன்றுமில்லை. பழியை டிரைவர்மேல் போட்டேன். புது டிரைவர் போட்டேன். அதற்கு முந்தியதைப் போட்டேன். அதற்கும் முந்தியதைப் போட்டதில் மூன்றாவது மெஷின் திரையே கருத்துவிட்டது.

எதிர்க்கடை ஸக்லூலிடம் மூன்று பிளேஸ்டேஷன் இருக்கின்றன. வாசலில் நின்று, லாரிக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி கத்துகிறான். "ஏ உஸ்தா! உன் பென்குயினுக்கு மீன் கீன் போட்டியா? பட்டினி கிடக்குதோ என்னமோ!"

எங்கள் கடைக்கு வருகிற பையன்கள் அவன் கடையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார்கள்.

பிப்ரவரி 26

டிரைவர். டிரைவர். டிரைவர். நானும் ஒரு காலத்தில் டிரைவர்தான், என்னை யாராவது இப்படி நாளுக்கு ஒருத்தனாக மாற்றினார்களா?

மார்ச் 3

நோன்பு மூன்றாம் நாள். டீ இல்லாமல் மண்டை இடிக்கிறது. மஹ்ரூஸ் வந்தான்.

"நாஹித், பெருநாள் வரைக்கும்தான் பொறுப்பேன். கடை ஈ ஓட்டுது. சாவியக் குடுத்துட்டு எங்க வீட்டுக்கே வந்துரு. எங்கம்மாவப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்."

அவள் தலையாட்டினாள். சரி என்ற ஆட்டம் இல்லை அது, இல்லை என்ற ஆட்டமும் இல்லை. மாமியார் வீட்டில் அவளுக்கு என்ன இடம் என்று எனக்குத் தெரியும். அடுப்படி.

இந்த லினக்ஸ் போடச் சொன்னது யாரு? நான். அல்லாஹ்வே.

மார்ச் 9

லினக்ஸ்காரர்களின் அரபிக் குழு ஒன்று இருக்கிறது, அங்கே எழுதிக் கேட்கலாம். எழுதினேன். லிபியா, எஞ்சினியர், மணல் புயலில் நான் ஒரு கையால் லாரியையும் மறு கையால் கம்ப்யூட்டரையும் பிடித்துக்கொண்டு போனது எல்லாம் விவரமாக. கடைசியில், கேம் திறக்கவில்லை, எந்த டிரைவர் நல்லது?

இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒருவன், நீ போட்டிருக்கிற லினக்ஸே தப்பு என்றான். இன்னொருவன், அவன் சொல்கிற லினக்ஸ்தான் தப்பு என்றான். அப்புறம் என்னை விட்டுவிட்டு அவர்களுக்குள் அடிதடி.

மூன்றாவதாக ஒருவர், துனிசியா, ஸ்ஃபாக்ஸ் ஊர், பெயர் முன்ஸிஃப். ஒரே வரி. "ஹாஜி, கதை நல்லாருக்கு. கேம் எந்த டிஸ்க்குல இருக்கு?"

நான் கேட்டது டிரைவர். இவர் டிஸ்க்கைக் கேட்கிறார். வண்டி நின்றுபோச்சு என்று சொன்னால் வீட்டு விலாசம் கேட்பதுபோல.

மார்ச் 12

முன்ஸிஃப் மறுபடி. "ஹாஜி, டிஸ்க்?"

பதிலுக்கு, என் அனுபவத்தில் டிஸ்க்கால் எந்தக் காலத்திலும் பிரச்சினை வந்ததில்லை என்று அரைப்பக்கம் எழுதினேன்.

மார்ச் 15

"டிஸ்க்?"

பிடிவாதக்காரர். பதில் போடவில்லை.

மார்ச் 18

களைப்பு. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 20

மருந்துக்கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு மஹ்ரூஸ் வந்தான். டேப் பிடித்துச் சுவரை அளந்தார்கள். ஒரு முனையை என்னிடம் கொடுத்து "கொஞ்சம் பிடிங்கண்ணே" என்றான். பிடித்தேன். என்ன மனுஷன் நான்? பிடிச்சுக்கிட்டு நின்னேனே.

அவர்கள் போனபிறகு நாஹித் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தைத் தட்டில் எடுத்து வைத்தாள். பாங்கு சொல்ல நேரமிருந்தது.

"மாமா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"அந்த ஸ்ஃபாக்ஸ்காரர் கேட்டதுக்கு ஏன் பதில் சொல்லல?"

படித்திருக்கிறாள். எல்லாவற்றையும்.

"இத்தாலிக்காரர் கதையும் படிச்சேன். அம்மாகிட்ட நீங்க சொன்னப்ப அவரு ஜெர்மன்காரர்."

"அது வேற ஆளு."

"சரி, வேற ஆளு." சிரிக்கவில்லை. போனை எடுத்து என் கையில் வைத்தாள். "டிஸ்க்கு எதுன்னு மட்டும் எழுதுங்க மாமா. லிபியா வேணாம்."

எழுதினேன். பழைய விண்டோஸ் டிஸ்க். அவ்வளவுதான். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சின்னதாக நான் எதுவும் எழுதியதில்லை.

பாங்கு சொல்வதற்குள் பதில் வந்துவிட்டது. "அதான் ஹாஜி. விண்டோஸ் டிஸ்க்கோட அமைப்பு வேற. அடுக்கால தனக்கு வேண்டிய ஃபைல்களை அங்க ஒழுங்கா வைக்க முடியாது, கேம் திறக்காமலே நின்னுரும். லினக்ஸ் டிஸ்க்குக்குக் காப்பி பண்ணுங்க. டிரைவரத் தொடாதீங்க. பாவம் அது."

மார்ச் 22

காப்பி ஓடுகிறது. ஒரு கேம் முடிய, அடுத்தது. நாஹித்தும் நானும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறோம்.

மார்ச் 23

கால்பந்து கேம் திறந்தது!

முதல் தடவை திறக்கும்போது படங்களையெல்லாம் தயார் பண்ண நேரமெடுக்கும், அணைக்கக் கூடாது என்று முன்ஸிஃப் சொல்லியிருந்தார். நாஹித் மூன்று முறை அணைக்கப் போனாள். "ஃபூல் பயறு வேகிற மாதிரிம்மா, மூடியத் திறக்காத" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். திடீரென்று கூட்டம் ஆரவாரம் போடும் சத்தம். கடைக்குள் அப்படியொரு சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. அவள் முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் என்றாள். மார்ச்சில் என்ன வெயில்.

மார்ச் 27

கார் பந்தயம் ஓடுகிறது. மூன்றாவது மெஷினும் எழுந்துவிட்டது. எல்லாப் பையன்களும் கேட்கிற அந்தத் துப்பாக்கிச் சண்டை மட்டும் ஓடாது. ஏமாற்றி விளையாடுகிறவனைப் பிடிக்க அதற்குள் ஒரு காவல்காரன் வைத்திருக்கிறார்கள், லினக்ஸ் என்று தெரிந்தாலே வெளியே தள்ளிவிடுகிறான். ஏதாவது வழி இருக்கும் என்று கேட்டேன்.

"இல்ல ஹாஜி. அது நம்ம கையில இல்ல. நோன்பை நிம்மதியா முடிங்க."

நாஹித் ஒரு அட்டையில் எழுதி வாசலில் ஒட்டினாள்: துப்பாக்கிச் சண்டை இல்லை. மற்றதெல்லாம் உண்டு. ஒட்டாதே, வந்தபிறகு பார்த்துக்கலாம் என்றேன். "வந்து திரும்பிப் போனா இன்னும் மோசம் மாமா" என்றாள்.

மார்ச் 30

பெருநாள். தொழுகை முடிந்த கையோடு பையன்கள், சட்டைப் பையில் பெருநாள் காசு, வாயெல்லாம் கஹ்க் மாவு. அட்டையைப் பார்த்துவிட்டு ஸக்லூலிடம் போனவர்களும் உண்டு. அங்கே மூன்றுதானே, வரிசை தெருவரைக்கும் நின்றது. பாதிப்பேர் திரும்பி வந்தார்கள்.

மஹ்ரூஸ் சாவிக்காக வந்தான். தன் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு வந்ததுதான் அவன் செய்த தப்பு.

"எந்திரிங்கடா, போலாம்."

"இந்த ஆட்டம் முடியட்டும்ப்பா."

"எந்திரிங்கன்னு சொன்னேன்."

"நான் ஜெயிச்சுக்கிட்டிருக்கேன்ப்பா!"

நாஹித் அவனுக்கு டீ கொடுத்தாள். பிறகு இன்னொரு டீ. அவள் அதற்குள் பத்துப் பையன்களுக்குப் பதில் சொல்லி, இரண்டு சண்டையைத் தீர்த்து, ஒரு மவுஸை மாற்றிவிட்டாள். அவன் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மதியம் லுஹர் பாங்கு சொன்னபோது எழுந்தான்.

"எங்கம்மாவுக்கு என் பொண்டாட்டி இருக்கா" என்றான், யாரிடமோ சொல்வதுபோல. சாவியைக் கேட்கவில்லை. மகன்களையும் விட்டுவிட்டுப் போனான்.

முழங்கால் கடுக்கிறது. படுக்கிறேன்.

ஏப்ரல் 4

கூட்டம் குறைந்துவிட்டது. அது குறையத்தானே செய்யும். இருந்தாலும் மதியத்துக்குமேல் ஐந்து மெஷின் ஓடுகிறது.

ஏப்ரல் 13

மருந்துக்கடைக்காரர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டாராம். நாஹித் பெயர்ப்பலகைக்கு நீலப் பெயிண்ட் வாங்கிவரச் சொன்னாள். வாங்கிக்கொண்டு வரும்போது கால் கெஞ்சியது, காபிக்கடையில் உட்கார்ந்தேன். ஸக்லூல் அங்கே இருந்தான்.

"உஸ்தா, உண்மையச் சொல்லு. யாரு சரிபண்ணிக் குடுத்தா?"

ஸ்ஃபாக்ஸில் ஒருவர், பெயர் முன்ஸிஃப், முகம்கூடப் பார்த்ததில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டார், பதில் சொல்ல வைத்தது நாஹித் என்றேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

கடையே சிரித்தது. "இத்தாலிக்காரன் தீந்து இப்ப துனிசியாக்காரனா!" என்றான் ஸக்லூல். ஒருவர் சிரித்துப் புரையேறி இருமினார். சத்தியம் செய்தேன். இன்னும் சிரித்தார்கள்.

பெயிண்ட் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"சரி, இத்தாலிக்காரர்தான்" என்றேன். "அன்னைக்குப் புயல்..."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லோரும் கிட்டே வந்தார்கள்.