ஆட்டுக்குட்டி கேட்டில் ஒரு டியூட்டி

9 மே, சனி. பெங்களூர், நீலசந்திரா

காலையிலேயே மழை. துவைத்த பேண்ட் காயவில்லை. புதன்கிழமை ஃப்ளைட்.

பெட்டியில் வைத்தது: புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, முறுக்கு, முழங்கால் தைலம் (எனக்கு). மனைவி மல்லிகா வைத்து நான் எடுத்தது: இட்லித் தட்டு. நான் எடுத்து அவள் திரும்ப வைத்தது: அதே தட்டு. போன வருஷம் அவள் போய் வந்தவள், அதனால் அவள் சொன்னதுதான் சட்டம்.

புது ஷூ. பழகட்டும் என்று வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்தேன். கீழ் வீட்டு சேகர் மேலே வந்து என்ன சத்தம் என்றார். இங்கிலாந்து போறேன் என்றேன். "நடந்தேவா?" என்றார்.

பாதி உண்மை. மகள் ஜோதி அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு நாளில் ஒரு கூட்டத்தோடு காடு மேடு எல்லாம் நடக்கிறாள். 17ந்தேதி முதல் தடவையாக இவளே முன்னால் நின்று கூட்டிப் போகணும். பரீட்சை. ஒரு மூத்த அம்மா கூடவே வந்து பார்ப்பார்களாம். தேறினால் லீடர். அதற்கு அப்பாவும் வரணும் என்று ஒரே அடம்.

மல்லிகா: "அங்க போயும் வர்றவங்ககிட்ட எந்த ஃப்ளாட்டுன்னு கேக்காத."

பதினோரு வருஷமாக அபார்ட்மெண்ட் கேட்டில் நிற்கிறவனுக்கு வேறென்ன இங்கிலீஷ் தெரியும்.

16 மே, சனி. ஜோதி ரூம்

வெயில் அடிக்கிறது, சுடவில்லை. என்ன வெயிலோ.

ஜோதி மேப்பை விரித்துப் போட்டு விரலால் நடந்து பார்க்கிறாள். மூன்றாவது தடவை. போன வாரம் தனியாகப் போய் நிஜமாகவே ஒருமுறை நடந்தும் பார்த்திருக்கிறாள். பத்தாவது பரீட்சைக்கு இப்படிப் படித்திருந்தால் என்று சொல்ல வந்தேன். அதிலும் நல்ல மார்க்தான் வாங்கினாள்.

பாதை முழுசாகப் போனால் ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம். நாளைக்கு நாங்கள் நடப்பது ஒரு நாள் துண்டு.

மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "என்ன வேலைன்னு யாராச்சும் கேட்டா செக்யூரிட்டி ஆஃபீசர்னு சொல்லும்மா."

சிரித்தாள். விரல் திரும்ப மேப்புக்குப் போனது.

ரெண்டு பேருக்கும் தூக்கம் இல்லை. அவளுக்கு நாளைய கவலை. எனக்கு, அவளுக்கு நான் ஒரு கவலையாகிவிடக் கூடாதே என்று.

17 மே, ஞாயிறு

முதலில் நல்லதை எழுதிவிடுகிறேன். பாஸ்.

இனி நடந்தது.

காலையில் தூறல், அப்புறம் விட்டது. பதினாலு பேர். பரீட்சை வைக்கும் ஜேனட் அம்மா, எழுபது இருக்கும், கால் மட்டும் முப்பது. கடைசி ஆளாக வர பீட்டர். பனைமரம். மற்றவர்கள் பெயர் சொன்னார்கள், மனசில் நிற்கவில்லை.

ஜோதி ஒரு கல்மேல் ஏறி நின்று பேசினாள். நம்ம வீட்டில் டிவி ரிமோட்டுக்கு அழுத பிள்ளை. எனக்குப் பாதி புரிந்தது. மீதியைத் தமிழில் தனியாகச் சொன்னாள்: "வழியில நிறைய கேட் வரும்பா. கடைசியா வர்றவங்க மூடிட்டு வரணும். இல்லன்னா ஆடு வெளிய போயிடும்."

கேட் மூடுவதா? இவ்வளவுதானே.

பாதை வெள்ளை வெளேர். சுண்ணாம்பு மண். ஈரத்தில் ஷூவில் அப்பிக்கொள்கிறது. முக்குக்கு முக்கு கட்டை நட்டு, ஓக் மரத்துக் கொட்டைப் படம் போட்டு வழி காட்டியிருக்கிறார்கள். ரெண்டு பக்கமும் பச்சை. கொஞ்சம் பார்த்ததும் போதும் போல ஆகி, திரும்பவும் பார்க்கத் தோன்றும் பச்சை.

நம்ப முடியாதது: அடுத்தவன் நிலத்துக்கு நடுவிலேயே பாதை போகிறது. யார் வேண்டுமானாலும் போகலாம். ரிஜிஸ்டர் இல்லை, போன் போட்டுக் கேட்பதில்லை. ஒரு பண்ணைக்காரர் டிராக்டரை நிறுத்திக் கைகூட ஆட்டினார். எங்கள் சொசைட்டி செக்ரட்டரி பார்த்திருந்தால் அங்கேயே சாய்ந்திருப்பார்.

ரெண்டு கேட் ஒழுங்காகப் போனது. மூன்றாவதில் ஆட்டுக்குட்டிகள். கேட்டை நான் பிடித்துக்கொண்டேன், கை தானாகப் போய்விட்டது. எல்லாரும் தாண்டினார்கள். பீட்டர் நின்றார். "கோ சார், கோ, ஐ க்ளோஸ்" என்றேன். என் இங்கிலீஷைக் கேட்டு ஒரு பனைமரம் நகர்ந்தது. பெருமை.

மூடப் போகிறேன், பின்னால் வேறொரு கூட்டம். பெரியவர்கள், கையில் கோல், நீள வரிசை. முகத்துக்கு நேரே எப்படி மூடுவது? ஒவ்வொருவரும் "தேங்க்யூ". நானும் ஒவ்வொருவருக்கும் "வெல்கம் மேடம், வெல்கம் சார்". நம்ம கேட்டில் ஒரு வருஷத்துக்கு வரும் தேங்க்யூ அங்கே ஒரே மூச்சில் வந்தது. தலைக்கு ஏறிவிட்டது. அவர்களுக்குப் பின்னால் ரெண்டு குதிரை, மேலே பெண்கள். குதிரைக்கும் சல்யூட்.

மூடித் தாழ் போட்டுத் திரும்பினால் நம்ம ஆட்கள் ஒருவரும் இல்லை. பாதை மேட்டுக்கு மேலே ரெண்டாகப் பிரிகிறது. என் போனில் அந்த ஊர் சிம் கிடையாது.

பயம் எனக்காக இல்லை. ஒரு ஆளைத் தொலைத்தால் லீடர் பரீட்சை என்னாகும்? தொலைந்த ஆள் அவள் அப்பன்.

ஓடித் தேடலாம் என்று ரெண்டு எட்டு வைத்தேன். வேண்டாம். மாற்று ஆள் வராமல் கேட்டை விட்டுப் போகக் கூடாது. பதினோரு வருஷப் பழக்கம். திரும்பி வந்து நின்றேன். ஆடுகள் என்னைப் பார்த்தன. யார் இவன், எந்த ஃப்ளாட் என்கிற பார்வை.

எவ்வளவு நேரமோ. மேட்டில் சிவப்பு ஜாக்கெட். தனியாக. ஓடவில்லை, நிதானமாக வந்தாள்.

"சாப்பிட்டியாப்பா?" என்றாள் முதலில்.

"கேட்டை மூடிட்டேன்மா."

"தெரியும்பா."

மீதி அவள் சொல்லிக் கேட்டது. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் தலை எண்ணியிருக்கிறாள். ஒன்று குறைவு. பீட்டர் முகம் செக்கச்செவேல். ஒருத்தர் போலீஸ் என்றாராம், ஒருத்தர் ஹெலிகாப்டர் என்றாராம். எனக்கு ஹெலிகாப்டர். ஜேனட் அம்மா ஜோதியையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இவள் எல்லாரையும் உட்காரச் சொல்லி, ஜேனட் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, சொல்லியிருக்கிறாள்: "எங்கப்பா கேட்டுக்காரர். பெங்களூர்ல அபார்ட்மெண்ட் கேட்டுல நிக்கிறார். கேட்டை விட்டு நகர மாட்டார். போய்க் கூட்டிட்டு வரேன்."

ஆஃபீசர் என்று சொல்லவில்லை. கேட்டுக்காரர். அத்தனை பேருக்கு நடுவில், பரீட்சை நடக்கும்போது.

நான் போனதும் எல்லாரும் கை தட்டினார்கள். பீட்டர் பாதி சாண்ட்விச் கொடுத்தார். உப்பு இல்லை, தின்றேன்.

சாயந்தரம் டீக்கடையில் ஜேனட் அம்மா பேசினார்கள். ஜோதி காதோடு சொன்னது: "ஆளைத் தவறவிடாத லீடர் யாருமே இல்லையாம். பதறாம இருந்தேனாம், எங்க தேடணும்னு தெரிஞ்சு வெச்சிருந்தேனாம். அடுத்த மாசமும் என்னையே போகச் சொல்றாங்கப்பா." அப்புறம், "இனிமே ஒவ்வொரு கேட்டுலயும் எண்ணணும்னாங்க. உனக்கு கேட் டியூட்டி தரக் கூடாதாம்."

இரண்டும் நியாயம்.

18 மே, திங்கள்

கால் என்னுடையதாக இல்லை. தைலம் பாதி காலி. ஜோதி டியூட்டிக்குப் போய்விட்டாள், அதே நடையை நடந்த அதே காலோடு.

மல்லிகாவுக்கு போன். முழுசும் சொன்னேன். "எந்த ஃப்ளாட்னு கேட்டியா?" கேட்கவில்லை என்றேன். நம்பவில்லை.

14 ஜூன், ஞாயிறு. கேட்

சாயந்தரம் வரை வெயில். டி பிளாக்கில் கல்யாண நிச்சயம், கார் மேல் கார்.

மஞ்சு, கூட டியூட்டி பார்க்கிறவன், "என்ன சுவாமி, லண்டன் ராஜா, அந்த குதிரைக் கதை சொல்லு" என்கிறான் தினமும். லண்டன் இல்லடா என்று சொல்வதை விட்டுவிட்டேன். குதிரை மட்டும் இப்போது ரெண்டிலிருந்து நாலு ஆகியிருக்கிறது.

போனில் படம். ஜோதி. அதே ஆட்டுக்குட்டி கேட். கூட்டம் வரிசையாகத் தாண்டுகிறது, இவள் ஓரமாக நின்று கேட்டைப் பிடித்திருக்கிறாள். ஒரு கால் கீழ்க் கம்பி மேல். நான் நிற்பது அப்படித்தான், யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கீழே எழுதியிருந்தாள்: "எல்லாரும் இருக்காங்கப்பா. எண்ணிட்டேன்."

மஞ்சுவுக்குக் காட்டினேன். இன்னொரு தடவை கேட்டான். காட்டினேன். மூன்றாவது தடவை அவன் கேட்கவில்லை, காட்டினேன்.

டி பிளாக் கார் ஒன்று ஹாரனை விடாமல் அடிக்கிறது. கேட் திறக்கணும்.