படிக்காமல் விட வேண்டிய வரி

ஜெர்மனி, 12.11.2006

அன்புள்ள ஜெயஸ்ரீ,

நீயும் அம்மாவும் சுகமா? மேடவாக்கத்துல தண்ணி லாரி ஒழுங்கா வருதா? நான் நல்லா இருக்கேன்.

அம்மா சொல்லச் சொல்ல நீ எழுதின கடிதம் வந்தது. "இன்னா மருமவ இவ, மீன் வறுத்தா மூக்கைப் பொத்திக்கினு கீறா, நான் கோவளத்துக்கே பூடறேன்"னு அம்மா உன்னைத் திட்டினதை ஒரு எழுத்து மாத்தாம உன் கையாலேயே எழுதியிருக்கே. சைவ வீட்டுப் பொண்ணு உன்னை அங்கே விட்டுட்டு வந்தவன் நான்தான்.

இங்கே என் ஆராய்ச்சியிலயும் அதே கதைதான். கரண்ட் கடத்துற மூலக்கூறு ரெண்டு வகை. தனித்தனியா கண்ணாடி மேல மெல்லிசா படிய வெச்சா, ரெண்டுமே அழகா வரிசையா நிக்குது. பாதிக்குப் பாதி கலந்தா எக்ஸ்ரேல வரிசையே காணோம். ஏன்னு புரொபசர் கேட்டாரு. எங்க வீட்டுலயும் இப்படித்தான்னு சொன்னேன். சிரிச்சிட்டாரு.

உன் ரசப்பொடியும் அம்மாவோட கருவாட்டுத் தொக்கும் வேணும். தனித்தனியா கட்டி, ஒரே பார்சல்ல அனுப்பு. லேப்ல கூப்பிடுறாங்க.

மதியழகன்

ஜெயா, அம்மாவுக்குப் படிச்சுக் காட்டும்போது இதை மட்டும் விட்டுடு: அடுத்த கடிதத்துல நீயும் அம்மாவைத் திட்டி ஒரு வரி எழுது. அப்பதான் நீ நல்லா இருக்கிறதா நம்புவேன்.