மெமரி மாட்டிய நாளிலிருந்து

12 அக்டோபர் 1994, புதன்

இந்தத் தீவின் மேட்டு ஊர் கியூர்பிப்பில் இன்றும் தூறல். துவைத்த துணி காயவே மாட்டேன் என்கிறது. இவர் ஈரக் காலரோடு கல்லூரிக்குப் போய்த் தமிழ் வகுப்பு எடுத்துவிட்டு வருகிறார். அதற்கும் ஒரு சிரிப்பு. நான் கட்டிக்கொண்ட விஸ்வத்துக்கு எதற்குத்தான் கோபம் வரும்?

தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் மெமரிப் பலகை வந்துவிட்டது. பக்கத்து ஊர் பீனிக்ஸில் எங்கள் பின்னலாடை ஆர்டர், கட்டிங், பேக்கிங் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் ஓடுகிறது. நான் எழுதிய புரோகிராம். பாவம் அது மூச்சு வாங்குகிறது, மெமரியை இரட்டிப்பாக்குங்கள் என்று தொண்டை வறளக் கத்தியவளும் நான். பெருமை மட்டும் மேனேஜர் சந்திரமௌலிக்கு. மெட்ராஸ்காரர், எங்களுக்கு முன்பே இந்தத் தீவுக்கு வந்தவர், பூஜை புனஸ்காரம் எதையும் விடாதவர். "நாளைக்கு ஆயுத பூஜை. பூஜையில வெச்சுட்டு, விஜயதசமி அன்னிக்கு நானே மாட்டறேன்" என்றார். நானே! சரி, மாட்டட்டும்.

சாயங்காலம் எனக்குத் தூரம். சந்திரமௌலியின் மனைவி அம்புஜம் மாமிக்குப் போன் செய்து, நாளை பூஜைக்கு வர முடியாது என்றேன். பெண்ணுக்குப் பெண் வேறென்ன விளக்க வேண்டும்? மாமி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சரிடி ராஜி, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

14 அக்டோபர், வெள்ளி

நேற்றுக் காலையில் போய் பேக்அப் எடுத்து, கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்துவிட்டு, பூஜைக்கு முன்னாலேயே வெளியே வந்துவிட்டேன். இன்று மெமரியை மாட்டியாகிவிட்டது. என்னைக் கூப்பிடவில்லை. பத்ரோன் (முதலாளி முசியே ஆன்றியை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்) வந்து பார்த்துக் கைதட்டினாராம்.

மத்தியானம் நான் உட்கார்ந்து பார்த்தேன். புது மெமரி முழுசாகத் தெரிகிறது. வேகமாக ஓடுகிறது. வயிற்றெரிச்சலோடு ஒத்துக்கொள்கிறேன்.

15 அக்டோபர், சனி

ஓடிக்கொண்டிருந்தது நின்றது. திரை கறுப்பு, அதில் வெள்ளையாக ஒரே வரி: பாரிட்டி எர்ரர், அதாவது மெமரியில் தப்பு. திரும்பப் போட்டோம். மறுபடி நின்றது.

17 அக்டோபர், திங்கள்

இரண்டு தடவை பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. ஈரத்தால் இல்லை.

காலையிலிருந்து கம்ப்யூட்டர் நின்று நின்று விழுந்துகொண்டே இருந்தது. மார்லென் டைப் செய்து முடித்த ஆர்டரெல்லாம் போச்சு. (மார்லென் எங்கள் ஆப்பரேட்டர், கெட்டிக்காரி.) பத்ரோன் வந்து நின்றார். சந்திரமௌலி பிரெஞ்சில் சொன்னார்: இந்தம்மா வீட்டிலிருந்து பிளாப்பி கொண்டுவருகிறாள், அதில் வைரஸ். பொய்! நான் எந்தக் காலத்தில் வீட்டு பிளாப்பியைப் போட்டேன்?

அதோடு விட்டாரா? என் பக்கம் திரும்பி, பத்ரோனுக்குப் புரியாதே என்ற தைரியத்தில், சிரித்த முகமாகத் தமிழில் சொன்னார்: "தூரமா இருக்கச்சே பூஜை அன்னிக்கு மிஷினைத் தொட்டா வேற என்ன ஆகும்? தீட்டு சும்மா விடுமா?"

மாமியிடம் சொன்னது இவர் காதுக்கு எப்படிப் போயிற்று? வேறெப்படிப் போகும்!

ஸ்டோர் ஆறுமுகம் அங்கேதான் நின்றிருந்தான். இந்த ஊர்த் தமிழன். தாத்தாவின் தாத்தா காலத்தில் கரும்புக்கு வந்த குடும்பம், வீட்டில் பேசுவது இந்த ஊர் கிரெயோல்தான். நான் தமிழில் இரண்டு வாக்கியம் பேசினால் விழிப்பான். ஆனால் கோவிலுக்குப் போகிறவன். தீட்டு என்ற சொல் அவனுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான். பத்ரோனுக்குப் புரியவில்லை, மார்லெனுக்குப் புரியவில்லை, அவன் ஒருவனுக்குப் புரிந்தது. என் மானம் போக அது போதாதா?

என்னைக் கம்ப்யூட்டர் அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி பேக்கிங்கில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிக்கு லேபிள் அடிக்க வேண்டும். டைப்ரைட்டரில்! நான் எழுதிய புரோகிராம் சுவருக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

இவரிடம் சொல்லி அழுதேன். "விடு ராஜி, நாளைக்கே அவருக்கே தெரியும்" என்கிறார். எப்படி விடறது? உங்களைச் சொன்னா விடுவேளா? விடமாட்டேன். அந்த மனுஷன் பத்ரோன் முன்னாடி தலை குனியணும். குனியற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

18 அக்டோபர், செவ்வாய்

சோறு இறங்கியது. கோபம் இறங்கவில்லை.

அழுது பிரயோஜனமில்லை, காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அறைக்குள் நான் போகக் கூடாது. மார்லென் போகலாம். சாப்பாட்டு வேளையில் அவளிடம் என் கேள்வியைக் கொடுத்து அனுப்புகிறேன், பதிலோடு திரும்பி வருகிறாள். அவளுக்கும் சந்திரமௌலிமேல் கடுப்பு. போனதையெல்லாம் திரும்ப அடிக்கிறவள் அவள்தானே.

20 அக்டோபர், வியாழன்

வைரஸ் இல்லை. நல்ல பிளாப்பியிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பிச் சோதிக்கச் சொன்னேன், சுத்தம்.

கரண்ட்? பக்கத்து ஹாலில் இஸ்திரிப் பெட்டிகளை ஒன்றாகப் போடும்போது விளக்கு மங்கும். அதுதானோ என்று நினைத்தேன். இஸ்திரியே இல்லாத நேரத்திலும் நிற்கிறது.

பழைய மெமரியும் புது மெமரியும் வேறு வேறு வேகமோ? மார்லென் மூடியைக் கழற்றி, சில்லின்மேல் இருக்கும் எண்களைப் படித்து எழுதிக்கொண்டு வந்தாள். ஒன்றுதான். வேறாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! மேனேஜர் தப்பான சரக்கு வாங்கினார் என்று பத்ரோனிடம் போயிருக்கலாம்.

புது மெமரியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாமென்றால், தான் மாட்டியதை யாரும் கழற்றக் கூடாது என்று சொல்லிவிட்டாராம் அவர். ஒன்று மட்டும் தெரிகிறது. காலையில் போட்டவுடன் நிற்பதில்லை. சூடேறிய பிறகுதான்.

இன்று கான்டீனில் அவர் என்னைத் தாண்டிப் போனபோது புடவை படாமல் ஒதுங்கிப் போனார். ஒதுங்கட்டும். நாள் வரும்.

25 அக்டோபர், செவ்வாய்

கிடைத்துவிட்டது!

மார்லென் பேகெட் ரொட்டியை மென்றுகொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்: "அய்யோ மதாம், அந்த மெஷின் சூடானா உங்க கோவில் மாதிரி வாசனை வருது. நல்லாத்தான் இருக்கு. அப்புறம் நின்னு போகுது."

இந்த ஊரில் எல்லோரும் அய்யோ என்றுதான் சொல்வார்கள். எனக்கு அவள் வாயில் சர்க்கரை போட வேண்டும்போல இருந்தது.

சந்தனம்! பூஜையில் வைத்த மெமரிக்குச் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறார்கள். எங்கே வைத்திருப்பார்கள்? பளபளவென்று பொன் நிறத்தில் ஓரம் இருக்கிறதே, அங்கே. அந்த ஓரம்தான் சாக்கெட்டுக்குள் போய்த் தொட வேண்டிய இடம். முதலில் ஈரத்தோடு எப்படியோ ஒட்டிக்கொண்டது. காய்ந்து பொருக்காகிவிட்டது. சூட்டில் அசைந்தால் தொடர்பு விட்டுப்போகிறது.

துடைத்தால் போதும். பென்சில் ரப்பர் போதும்.

சொல்லப்போவதில்லை. வெள்ளிக்கிழமை பத்ரோன் கம்ப்யூட்டர் அறைக்கு வருவார், கப்பலுக்குப் போகிற சரக்கின் பட்டியலை நின்று வாங்கிக்கொள்வார். அதுவரை விழட்டும். நன்றாக விழட்டும்.

26 அக்டோபர், புதன்

இன்று நிறையத் தடவை விழுந்ததாம். ரசித்துச் சாப்பிட்டேன்.

28 அக்டோபர், வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன். கிழவியான பிறகும் எடுத்துப் படிக்க வேண்டும்.

பத்ரோன் நின்றுகொண்டிருக்கும்போதே பிரிண்டர் பாதியில் நின்றது. திரை கறுப்பு. பத்ரோன் முகம் சிவப்பு. சந்திரமௌலி மறுபடி வைரஸ் பாட்டை எடுத்தார். மார்லென் ஓடிவந்து எனக்குக் கண் காட்டினாள். வாசலில் போய் நின்றுகொண்டு, "முசியே, ஐந்து நிமிஷம் கொடுங்கள், காரணத்தைக் காட்டுகிறேன்" என்றேன். பத்ரோன் தலையசைத்தார்.

சந்திரமௌலியைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்: "சார், நீங்களே கழட்டுங்கோ. நான் தொடக் கூடாது, இல்லையா?"

கழற்றினார். வேறு வழி? வெளியே வந்த மெமரியின் பொன் ஓரம் முழுக்க மஞ்சள் பொருக்கு. "மோந்து பாருங்கோ சார்." அவர் பார்க்கவில்லை. பத்ரோன் வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "சாந்தால்?" என்றார், சந்தனமா என்று நம்ப முடியாமல். மார்லென் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பு விரல் வழியாக வந்துவிட்டது.

நான் உள்ளே போனேன். ரப்பரால் தேய்த்தேன், முதலுதவிப் பெட்டி ஸ்பிரிட்டால் துடைத்தேன், மாட்டினேன். வேலை முடிகிற வரைக்கும் நிற்கவில்லை. திங்கள் முதல் என் நாற்காலி எனக்கே. பத்ரோன் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கதவு மூடியிருந்தது. ஆனால் குரல் கேட்டது.

எல்லாம் முடிந்து மார்லென் கேட்டாள்: "செவ்வாய்க்கிழமையே உங்களுக்குத் தெரியுமா மதாம்? அப்போ நான் திரும்பத் திரும்ப அடிச்சதெல்லாம்?" நான் விரலில் ஒட்டிய ரப்பர் துகளைத் தட்டினேன். பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குச் சமாதானம் சொல்ல வேண்டும்.

31 அக்டோபர், திங்கள்

மார்லெனுக்கு முறுக்கு கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டாள். சிரிக்க மத்தியானம் ஆயிற்று.

அந்த மனுஷன் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். வராந்தாவில் எதிர்ப்பட்டபோது மெதுவாகச் சொன்னார்: "சந்தனத்தைத் தொடச்சாச்சு. தீட்டைத் தொடைக்க முடியுமோ? சுவாமி சந்தனம் கெடுக்குமா? ஏன் கெடுத்ததுன்னு யோசி."

காரணத்தைக் கண்ணெதிரே காட்டியும் இப்படி ஒரு பேச்சா! தோற்றது அவர், ராத்திரி சாப்பிடாமல் படுத்தது நான்.

6 நவம்பர், ஞாயிறு

தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு மெட்ராஸ்காரர்கள் எல்லோருக்கும் அவர் வீட்டில்தான் சாப்பாடு. வருஷாவருஷம் வழக்கம். போகமாட்டேன் என்றேன். பிறகு போகிறேன் என்றேன். சபையில் வைத்துக் கேட்பதற்கு வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு போனேன். இவர் வழியெல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இலை போட்டாயிற்று. யாரோ தொழிற்சாலைக் கதையைக் கேட்டார்கள். சந்திரமௌலி ஆரம்பித்தார். என் பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். "சிலருக்கு மிஷின் தெரியும், ஆசாரம் தெரியாது. சந்தனத்தால எங்கயாவது மிஷின் நிக்குமோ? அன்னிக்கு அந்த ரூம்ல தீட்டுப் பட்டுது. அவ்வளவுதான் விஷயம்."

நான் வாயைத் திறந்தேன். இவர் என் கையைப் பிடித்தார். பாயசப் பாத்திரத்தோடு நின்றிருந்த அம்புஜம் மாமி முந்திக்கொண்டாள்.

"பட்டது வாஸ்தவம்தான்னா."

எல்லோரும் நிமிர்ந்தோம்.

"சந்தனம் அரைச்சது நான். அந்த மெமரியோட பளபளன்னு இருந்த ஓரத்துக்கெல்லாம் பொட்டு வெச்சதும் நான். எனக்கு அன்னிக்கு ரெண்டாம் நாள். ஒக்காந்துட்டா உங்க பூஜைக்கு யார் சமைப்பா? அதனால சொல்லலை. போன வருஷ பூஜைக்கும் அப்படித்தான் ஆச்சு, அப்பவும் சொல்லலை. அந்த வருஷம் பூரா உங்க மிஷின் நிக்கலையே?"

சத்தம் போடவில்லை மாமி. சாதாரணக் குரல். குனிந்து அவர் இலையில் பாயசம் விட்டாள். "அன்னிக்கு வடை பேஷா இருக்குன்னு கேட்டுக் கேட்டு சாப்பிட்டேள்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க முடியாதபடி இருந்தது. அவர் பாயசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 

சமையலறைக்குப் போனேன். மாமி பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். "உன் விஷயத்தை அவர்கிட்ட நான் சொல்லலைடி. போன்ல நீ பேசினதை எக்ஸ்டென்ஷன்ல கேட்டுண்டிருந்தார். எப்பவும் கேப்பார்" என்றாள். திரும்பவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேருந்து கேக்கறார்."

நான் தயார் செய்துகொண்டு போன வாக்கியங்கள் எல்லாம் சும்மா. ரப்பரும் ஸ்பிரிட்டும் வைத்து நான் வாங்கிய பழியெல்லாம் ஒரு பழியா? அவள் எத்தனை வருஷம் அடக்கிவைத்திருந்தாள்! பொறாமையாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்காக இல்லை.

8 நவம்பர், செவ்வாய்

கம்ப்யூட்டர் அறைக்கு அவர் வரவில்லை. வேண்டியதை மார்லெனிடம் சொல்லி அனுப்புகிறார். மெஷின் ஒழுங்காக ஓடுகிறது.

12 நவம்பர், சனி

மாமியிடமிருந்து போன். அவர் எக்ஸ்டென்ஷனில் கேட்கிறாரா என்று கேட்டேன். "கேட்டா கேக்கட்டும்" என்று நல்ல சத்தமாகவே பேசினாள்.

இந்த மாதம் மாமி ஒதுங்கி உட்காரவில்லையாம். முதல் நாள் காலையிலேயே அவரிடம், "எனக்கு இன்னிக்குத் தூரம், சமையல் ஆயாச்சு" என்று சொல்லிவிட்டாளாம். அவர் குடையை எடுத்துக்கொண்டு மழையில் போய் ரொட்டி வாங்கிவந்து, கூடத்தில் தனியாக உட்கார்ந்து தின்றாராம். மறுநாளும் ரொட்டி.

"இன்னிக்கு?" என்றேன்.

"இன்னிக்குத் தட்டை எடுத்துண்டு சமையல்கட்டுக்கு வந்தார். நான் ரசம் விட்டேன். தலையைக் குனிஞ்சுண்டே சாப்பிட்டார்."

"ஏதாவது சொன்னாரா மாமி?"

"இன்னும் கொஞ்சம் விடுன்னார்."

அந்த மனுஷன் தலை குனிய வேண்டும் என்று நான்தான் ஆசைப்பட்டேன். பார்க்கக் கொடுத்துவைத்தது மாமிக்கு. அதுவும் சரிதான் என்று இன்று தோன்றுகிறது.