தண்ணீர் தெளித்த கை

காலையில் காளானுக்கு வைக்கோல் அவிக்க அண்டாவை ஏற்றினேன். அந்த வாசனை எழுந்ததும், நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆனது மறந்து, “ஏய், சேதி கேட்டியா” என்று திரும்பிவிட்டேன். யாரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சேதி இதுதான். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்று நேற்று பாகூரில் மகளிர் குழுவில் பேசினேன். நானேதான்! நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

பேசுவதற்கு ஒரு தாள் கொடுத்தார்கள். துணிச்சல், விடாமுயற்சி, தலைமைப் பண்பு என்று அச்சடித்திருந்தது. நெட்டப்பாக்கத்தில் உன் வீட்டு மாட்டுக் கொட்டகையில் நாம் சிப்பிக் காளான் போட்டபோது, எனக்குப் பயமும் உனக்குக் கோபமும்தான் நிறைய இருந்தன. “மழைக்கு மொளைக்கறத காசு குடுத்து எவன்டி வாங்குவான்?” என்றார் உன் மாமியார். முதல் இரண்டு மாதம் அவர் சொன்னதுபோலத்தான் நடந்தது. நாமே தின்று தீர்த்தோம்.

பிறகு வில்லியனூர் ஓட்டல் மாஸ்டர் புரட்டாசி முழுக்க தினமும் பத்துக் கிலோ கேட்டார். ஊரே கறியை விடுகிற மாதம். அந்த ஆர்டர் போனால் கொட்டகையில் மறுபடி மாடு கட்ட வேண்டியதுதான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நானோ கீரைக்காரி மகள். வாடின கீரைக்கட்டைப் பார்த்தால் தண்ணீர் தெளிக்காமல் இருக்காது இந்தக் கை. முதல் சனிக்கிழமைக்குப் பறித்த காளான் கொஞ்சம் சோர்ந்து தெரிந்தது. பையை மூடுமுன் எல்லாவற்றிலும் தெளித்துவிட்டேன். காலையில் சரக்கு பஸ் ஏறிய பிறகு, மீந்த ஒரு பையை நீ பிரித்தாய். விரலில் கொழகொழவென்று ஒட்டியது.

“இன்னாடி பண்ண இத?”

சொன்னேன். “சும்மா இருப்போம்டி, கேட்டா பாத்துக்கலாம்” என்று சொன்னதும் நான்தான்.

“அவங்க பிரிச்சிப் பாக்கறதுக்குள்ள நாம அங்க நிக்கணும். செருப்ப மாட்டு” என்றாய்.

ஓட்டல் பின்வாசலில் மாஸ்டரிடம் நீதான் பேசினாய். “சமைக்காதீங்க மாஸ்டர். நாங்க தண்ணி தெளிச்சிட்டோம். வீணாப் போச்சி.”

“சனிக்கிழம அதுவுமா இப்ப நான் இன்னாம்மா போடறது?” என்று கத்தினார். நீ மார்க்கெட்டுக்கு ஓடி காலிஃபிளவர் வாங்கி வந்தாய். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து நறுக்கிக் கொடுத்தோம். கிளம்பும்போது மாஸ்டர், “திங்கக்கெழம கொண்டாங்க. தெளிக்காம” என்றார்.

பஸ்ஸில் எனக்கு அழுகை வந்துவிட்டது. “நான் பண்ணதுக்கு ஏன்டி நாங்கன்னு சொன்ன?”

“நல்லா வந்தா மட்டும்தான் நாங்களா?” என்று சொல்லிவிட்டு நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நேற்று அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு இந்தக் கதையைத்தான் சொன்னேன். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, “தண்ணி தெளிச்சது யாருக்கா?” என்று கேட்டாள். இத்தனை வருஷமாக யாரிடம் சொன்னாலும் நானும் ‘நாங்க’ என்றே சொல்லித் தப்பித்து வந்திருக்கிறேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தும் ஒருநாளும் திருத்தவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது.

“நான்தாம்மா. அவ இல்ல, நான்” என்றேன். மடித்த தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இதை எழுதும்போதே மாஸ்டர் போன் செய்தார். நாளைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டார்.

“எட்டுக் கிலோதான் தேறும் மாஸ்டர். நாங்க காலையில அனுப்பிடறோம்.”

கொட்டகையில் நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும், “சரி, ரெண்டு பேரும் பாத்து அனுப்புங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.