வத்தல் மூட்டைக்கு ஒரு முகம்

பிப். 19, 1970. வியாழன்

மாசி பிறந்ததும் இந்த வெயில். பிரஸ்ஸின் தகரக் கூரைக்குக் கீழே மசி இளகி ஓடுகிறது. காலை முழுவதும் கல்யாணப் பத்திரிகை. மூன்று வீட்டுக்கும் அதே வாழைமரம், அதே குத்துவிளக்கு அச்சு பிளாக்.

மத்தியானம் கடலை வாங்கினேன். பொட்டலத் தாள் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையின் பக்கம். கடலையைச் சண்முகம் கையில் கொட்டிவிட்டுத் தாளைப் பிரித்தேன். செருப்பு விளம்பரம் போல. கீழ் மூலையில் ஒரு கால், ரெண்டே நிறம். மீதிப் பக்கம் வெறும் வெள்ளை! வெள்ளைக்குப் பணம் கொடுத்து இடம் வாங்கியிருக்கிறான்.

சண்முகம் எங்கள் கம்பாசிட்டர், எழுத்துக் கோக்கிறவன். என் வயசு. "ஏலே, அதுல என்னத்தப் பாக்குற? ஒண்ணுமே இல்லையே."

"அதத்தான்டா பாக்குறேன்."

எண்ணெய்க் கறையோடு நான் படம் போடும் மேஜைக்கு மேலே ஒட்டியாயிற்று.

இந்த வாரம் பார்த்தவை: சாயத்தெருவில் காயப் போட்ட சிவப்பு நூல், தெரு நீளத்துக்குக் கோடு கோடாக. திருச்சுழி பஸ்ஸின் பின்கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் போட்ட மீன். வெள்ளைச் சுவரில் கருவேல நிழல், கறுப்பு மட்டும், சாம்பலே கிடையாது. சுண்ணாம்பு அடித்தும் மறையாத, ஓட்டுக் கேட்ட பழைய சுவரெழுத்து.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். மிளகாய் வத்தல் மண்டி அண்ணாச்சிக்கு மூட்டையில் ஒட்டப் புது லேபிள். "லட்சுமியப் போட்டு கையில நாலு வத்தலக் குடு. முடிஞ்சது சோலி."

எனக்கென்று வந்த முதல் லேபிள். லட்சுமி போட மாட்டேன். வத்தல் பொறுக்கப் போகிறவளைப் போடுவேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

பிப். 22. ஞாயிறு

திருச்சுழி தாண்டி நரிக்குடி ரோட்டில் இறங்கி ஒன்றரை மைல் நடை. காமிரா என்னுடையது, எனக்கு முன்னால் இரண்டு பேர் வைத்திருந்தது. ஒரு சுருள் பிலிம். பன்னிரண்டு படம்.

வத்தல் களம். தரை முழுக்கச் சிவப்பு. கறுப்பு வெள்ளை பிலிமை வைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்பது கொடுமை. நெடியில் எட்டுத் தும்மல். பெண்கள் பதினாலு பேர், தலையையும் மூக்கையும் வாயையும் மூடித் துண்டு கட்டிக்கொண்டு, வெளுத்துப்போன சோடை வத்தலைப் பொறுக்கித் தள்ளுகிறார்கள். காமிராவைக் கண்டதும் துண்டை இறக்கிவிட்டு ஒரே சிரிப்பு.

"தம்பி, என்னையும் எடு. பல்லு தெரிய எடு."

"ஏன்டி, ஒம் பல்லப் பாத்தா அந்தப் பொட்டி வெடிச்சுப் போகும்டி!"

ஒருத்தி மட்டும் இறக்கவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். வலது புருவத்தை இரண்டாகப் பிளக்கும் ஒரு வெட்டுத் தழும்பு. லென்ஸை நேராகப் பார்த்தாள். 'நீ யாருடா' என்கிற மாதிரி. கங்காணியிடம் பேர் கேட்டேன். பேச்சியம்மா.

என்ன நிமிர்வு! ஸ்டூடியோவில் பவுடர் அப்பிக்கொண்டு உட்காரும் ஒரு முகத்திலும் இது இல்லை. பத்தாவது படம் அவள். பதினொன்றும் அவள்.

கவனம்: தழும்பை விட்டுவிடக் கூடாது. உண்மை அதில்தான்.

கங்காணி சொன்ன நாள் கூலி திரும்பி வரும் வழியெல்லாம் மண்டைக்குள் கொதித்தது. மண்டி ஆட்கள் காலை வடை காப்பிக்கு அதைவிட அதிகம் செலவழிக்கிறார்கள்.

பிப். 24. செவ்வாய்

பக்கத்து ஸ்டூடியோவின் இருட்டறை ஒரு மணி நேரம் கிடைத்தது. பதிலுக்கு ஆறு பெண்களின் முகத்தை வெளுத்துத் தர வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படங்கள். நெகட்டிவில் பென்சில் தீட்டத் தீட்ட, அச்சில் முகம் வெளுக்கும். ஆறு பேரையும் சுண்ணாம்பாக்கினேன். இந்தக் கரிசலில் ஆடு மாடுகூட வெயிலில் கறுக்கிறது. போட்டோவில் மட்டும் யார் மேலும் வெயில் பட்டதே இல்லை. வெட்கக்கேடு. செய்தவன் நான்.

பிறகு என் வேலை.

பேச்சியம்மாவைக் கடினத் தாளில் அச்சிட்டேன். சாம்பல் எல்லாம் ஓடிப்போய்க் கறுப்பும் வெள்ளையும் மட்டும். அந்த போட்டோவின் மேலேயே இந்தியன் இங்க்கில் வரைந்தேன். கண், புருவம், தழும்பு, துண்டின் மடிப்பு. அப்புறம் வெளுக்கும் மருந்துத் தட்டில் போட்டேன். போட்டோ கரையும், இங்க் நிற்கும் என்று படித்ததோடு சரி, செய்து பார்த்ததில்லை. தட்டை ஆட்டினேன். முகம் மெல்ல மெல்லப் போனது. கோடு நின்றது! கத்திவிட்டேன். வெளியே படம் எடுக்க உட்கார்ந்திருந்த குடும்பம் எழுந்து நின்றுவிட்டது.

தோலுக்கு ஒரே சிவப்பு, வத்தல் சிவப்பு. கோட்டுக்குக் கறுப்பு. துண்டுக்கு எதுவும் வேண்டாம், தாளின் வெள்ளையே துண்டு. ராத்திரிச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

பிப். 26. வியாழன்

மண்டி. அண்ணாச்சி படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு நேராக.

"என்னப்பா இது, கொள்ளைக்காரியா?"

"வத்தல் பொறுக்குற பொம்பளை அண்ணாச்சி."

"கூலிக்காரியவா எம் மூட்டையில ஒட்டச் சொல்ற? நல்லா இருக்கே கதை."

முதலாளி என் காலை மிதித்தார். நான் பேசிக்கொண்டே போனேன். எல்லா மண்டியிலும் லட்சுமிதான், லாரியில் ஏற்றினால் யார் சரக்கு யாருடையது என்று தெரிவதில்லை என்றேன். என் படத்தையும் பழைய லேபிளையும் எதிர்ச்சுவரில் ஒட்டித் தெருவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றோம். மூட்டை தூக்குகிற ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்: என்ன தெரியுது?

"அந்தக் கண்ணு தெரியுது. இன்னொண்ணு ஏதோ சாமி. எந்தச் சாமின்னு தெரியல."

அண்ணாச்சி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அவராகவே சொன்னார்: "லோடு அடுக்கறப்ப பயலுக லட்சுமி மேல காலை வச்சு ஏறுறானுக. பாத்தா மனசு பதறுது. பாவம் சேருதுய்யா. இதுன்னா ஆளு படம். மிதிச்சாலும் தோஷமில்ல. சரி, போடு."

ஜெயித்துவிட்டேன். இந்தக் காரணத்துக்காக ஜெயித்தேன். துள்ளுவதா, காறித் துப்புவதா தெரியவில்லை. தெருமுனை வரை நடந்தேன், அங்கே துள்ளினேன்.

மார்ச் 2. திங்கள்

கறுப்புக்கான துத்தநாக பிளாக் மதுரையிலிருந்து வந்துவிட்டது. சிவப்புக்கு மரக்கட்டை நானே செதுக்கினேன், கட்டை விரலில் ஒரு கிழிசல். முதலில் சிவப்பு ஓட்டி, மேலே கறுப்பு.

தாளைத் தூக்கியபோது அவள் என்னைப் பார்த்தாள்.

சண்முகம்கூட எழுந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தான். அவன் இடத்தை விட்டு எழுந்ததே எனக்குப் பரிசு. பிறகு சொன்னான்: "ஏலே, கையெழுத்து கேட்டா ஒனக்குப் பேனா பிடிக்கத் தெரியுமா?"

மாதிரிக்கு ஓட்டிய புரூஃப் ஒன்று மண்டிச் சுவரில். ஒன்று என்னிடம். வியாழக்கிழமை மெஷின் ஏறுகிறது.

மார்ச் 4. புதன்

அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் களத்துக்குப் போனேன். அவளிடம் காட்ட வேண்டும் என்று ஒரே பரபரப்பு. பஸ்ஸில் நாலு தடவை தாளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டேன்.

அவள் பார்த்தாள். உடனே தாளை மடக்கினாள். என் கையைப் பிடித்துச் சாக்கு அடுக்குக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"இத எத்தன பேரு பாத்துருக்காக?"

பிரஸ்ஸில் எல்லோரும், மண்டியில் எல்லோரும் என்றேன். பெருமையாக.

"அடப்பாவி. எம் பேரு பேச்சியம்மா இல்லப்பா. குருவம்மா. பேச்சி எந் தங்கச்சி, புள்ளத்தாச்சியா வீட்டுல கெடக்கா. அவ பேருலதேன் நான் இங்க நிக்கேன். பரளச்சிக்கு அங்கிட்டு எங்க ஊரு. தை மாசம் கூலி கூட்டிக் கேட்டோம். முன்னுக்க நின்னு பேசுன ஏழு பேத்துக்கும் சுத்துப்பட்டுல எவனும் வேலை குடுக்கக் கூடாதுன்னு சொல்லி விட்டுட்டாரு நெலக்காரரு. இந்தக் களத்துக்காரரும் அதுக்குச் சரின்னவருதேன். நெடிக்காக மட்டுமா இந்தத் துண்டக் கட்டிருக்கேன்?"

அவள் புருவத்துத் தழும்பைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தப் புருவத்த எங்க ஊரு நாயிக்கும் தெரியும். அவரு வத்தலும் ஒங்க அண்ணாச்சி மண்டிக்குத்தேன் போகுது. நாளைக்குக் காலையில லோடோட அவரே வாராரு. பாத்தாருன்னா எனக்கும் வேலை போச்சு, தங்கச்சிக்கும் போச்சு."

நிமிர்வு என்று எழுதியிருக்கிறேன், பத்து நாளைக்கு முன்னால். மடையன். அவள் ஒளிந்துகொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேரைக்கூடக் கங்காணியிடம்தானே கேட்டேன்.

சாயங்கால பஸ்ஸில் திரும்பி நேரே மண்டி. சுவரிலிருந்த புரூஃபைக் கழற்றினேன்.

"எதுக்குப்பா கழட்டுற?"

"சிவப்பு சரியா விழல அண்ணாச்சி. நாளைக்கு நல்லதாத் தாரேன்."

மார்ச் 5. வியாழன்

விடிந்ததும் பிரஸ். மெஷின் ஏற நாலு மணி நேரம்.

தழும்பை எடுக்க வேண்டும். எடுக்க முடியாது! துத்தநாகத்தில் மேடாக இருப்பதுதான் கறுப்பாக விழும். புருவம் மேடு, தழும்பு அதில் ஒரு பள்ளம். பள்ளத்தில் உலோகத்தை எப்படி நிரப்புவது? பிளாக்கில் குறைக்கலாம், கூட்ட முடியாது. புது பிளாக் மதுரையில் செய்து வர மூன்று நாள்.

அரை மணி நேரம் அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகு உளியை எடுத்து இரண்டு புருவங்களையும் முழுசாக வெட்டி எறிந்தேன். சிவப்புக் கட்டையில் நெற்றியையும் செதுக்கி எடுத்துவிட்டேன். நெற்றி வெள்ளையானது. தலைத்துண்டு இமை வரைக்கும் இறங்கிவிட்டது.

ஒரு தாள் ஓட்டினேன். வெள்ளைக்கு நடுவில் ஒரு சிவப்புக் கீற்று, அதில் இரண்டு கண்கள்.

முன்னதைவிடக் கூர்மை. கத்தி மாதிரி. இந்த அழகை என் கெட்டிக்காரத்தனம் கொண்டுவரவில்லை. ஒருத்தியின் பயத்தில் வந்தது. அதற்காகச் சந்தோஷப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

பத்து மணிக்குப் புது புரூஃபோடு மண்டிக்கு ஓடினேன். பரளச்சிப் பக்கத்து நிலக்காரர் அங்கே உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, கையில் இளநீர். தாளை வாங்கிப் பார்த்தார். அந்த நேரம் என் காதில் எதுவும் விழவில்லை.

"யாருப்பா இது? முஸ்லிம் பொம்பளையா?"

"வத்தல் பொறுக்குற பொம்பளையாம்" என்றார் அண்ணாச்சி.

"இவளுகளுக்கு வந்த வாழ்வப் பாரு" என்று சிரித்துவிட்டுத் தாளை மடித்து அதன் மேல் இளநீரை வைத்தார்.

மத்தியானத்துக்குள் அத்தனை லேபிளும் ஓட்டி முடித்தோம்.

மார்ச் 8. ஞாயிறு

பிரஸ் லீவு. சாவி என்னிடம். மெஷின் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல். குருவம்மா. முதல் தடவையாகத் துண்டில்லாமல் முழு முகம்.

லேபிளை நீட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"இது நானா? பேச்சி கண்ணு மாதிரில்ல இருக்கு."

"நீங்கதான்க்கா."

"லேபிளு ஒட்டுன சாக்கு வந்ததுலருந்து களத்துல ஆளாளுக்கு எங்கண்ணு, எங்கண்ணுன்னு ஒரே சண்ட." சிரித்தாள். சிரிப்பு நின்றது. "இது எந்தெந்த ஊருக்குப் போகும்?"

லாரி போகிற ஊருக்கெல்லாம் என்றேன். மெஷினைச் சுற்றி வந்தாள். தொட்டுப் பார்த்தாள்.

"நாங்க பேசிட்டோம். எங்க ஊரு ஏழு பேரு, இங்க என்னைய விட்டுப் பதிமூணு பேரு. கூலி கூட்டலைன்னா எந்தக் களத்துலயும் ஒருத்தியும் எறங்கப் போறதில்ல. அத அச்சடிச்சுக் குடுப்பியா? ஆரு பேரும் இருக்கக் கூடாது."

முதலாளிக்குத் தெரிந்தால் எனக்கு வேலை இல்லை. சொன்னேன். "அப்ப ஒனக்கும் ஒரு துண்டு தாரேன்" என்றாள்.

எனக்கு உள்ளே பற்றிக்கொண்டது. கரித்துண்டை எடுத்து வேகவேகமாகக் கிறுக்க ஆரம்பித்தேன். "அக்கா, இங்க பாருங்க. இருபது முகம், எல்லாம் துண்டு கட்டி, வரிசையா, நடுவுல..."

"படம் கிடமெல்லாம் வேண்டாம். ஒம் படத்தால பட்டது போதும். எழுத்து. பெருசா."

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"எனக்கெதுக்குப்பா? நெலக்காரருக்குத் தெரியும்ல."

சினிமா நோட்டீசுக்கு வைத்திருக்கும் மர எழுத்துப் பெட்டியைத் திறந்தேன். ஆறங்குல 'கூ' ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 'கூலி'க்கு ஒன்று போதும்.