ஓணான் இல்லாத ஆண்டுத் தொகுப்பு

ஜனவரி 6

மதிப்புக்குரிய தொகுப்பாளருக்கு,

உங்கள் ‘ரோக்லைக்’ கணினி விளையாட்டுக் குழுவின் ஆண்டுத் தொகுப்பு வந்தது. தபால்காரர் போனதும் கதவைக்கூடச் சாத்தாமல் படித்தேன். போன வருடம் நான் அனுப்பிய எழுத்துப்பிழைத் திருத்தங்களில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். போகட்டும். புதிய விளையாட்டுகள், வாக்கெடுப்பு, கடைசித் தளம் வரை போய் விஷக் காளானைத் தின்று செத்தவர், எல்லாம் இருக்கிறது. ஒரே உயிர், செத்தால் முதலிலிருந்து, அதற்குள் பாதையும் மாறிவிடும். இதில் என்ன சுகமோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.

‘ஓணான்’ என்பவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வருடந்தோறும் இருக்கும். கை முறிந்து இடக்கையால் ஆடி வென்றதையும், வீடு மாறியதால் போட்டியைத் தவறவிட்டதையும் உங்கள் தொகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். அவன் என் மகன். வேறு வழியில் எனக்குச் செய்தி வருவதில்லை. நலமா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் வாசகி

ஜனவரி 15

அன்புள்ள அம்மா,

ஓணான் நலம். தப்பு என்னுடையது. நீங்கள் அனுப்பிய திருத்தக் கடிதம் பிடித்துப்போய், குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தோம். அவன் மட்டும் எழுந்து வெளியே போனான். பின்னாலேயே போனேன்.

“அது எங்க அம்மா, அண்ணே. அப்பா செத்த அன்னிக்குக்கூட என் சட்டை கசங்கியிருக்குன்னு சொன்னவங்க. என் பேரு வர்ற வரைக்கும் இதைப் படிப்பாங்க. என் பேரை எடுத்துடுங்க” என்றான்.

போன வருடப் போட்டியில் முதலிடம் அவனுக்குத்தான். அதையும் விட்டுவிட்டுத்தான் அச்சிட்டோம். அம்மாவுக்கு ஒரு கடிதம் போடேன் என்றேன். தலையை ஆட்டினான், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை.

மன்னியுங்கள்.

தொகுப்பாளர்

ஜனவரி 22

மதிப்புக்குரிய தொகுப்பாளருக்கு,

உங்கள் கடிதத்தில் பிழை ஏதும் இல்லை. சட்டை கசங்கித்தான் இருந்தது.

முதலிடம் வாங்கியவனை விட்டுவிட்டு ஓர் ஆண்டைத் தொகுப்பது முறையல்ல. அவன் பெயரைப் போட்டு, எல்லாருக்கும் ஒரு திருத்தம் அனுப்புங்கள். எனக்கு வேண்டாம். என் முகவரியை எடுத்துவிடுங்கள். அம்மா இனிப் படிக்க மாட்டாள் என்று அவனிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் சொன்னதுதான் என்பது அவனுக்குத் தெரியும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினால் அவனைப் பற்றி ஏதாவது எழுதிவிடுவீர்கள்.

ஓணானின் அம்மா