ஞாயிற்றுக்கிழமை அடக்கங்கள்

ஆஷ்மியர் குடியேற்றம்,
நியூ சவுத் வேல்ஸ்,
1818 மார்ச் 9, திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய திருமதி தாமசின் ரோஸ்வர்ன் அம்மையாருக்கு, ஆஷ்மியர் தேவாலய எழுத்தர் அம்புரோஸ் கில்பின் வணக்கத்துடன் எழுதுவது. இக்கடிதம் கார்ன்வாலை அடையும் நாளில் தாங்களும் தங்கள் மக்கள் இருவரும் அதே பண்ணையில், அதே கூரையின்கீழ் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் முதல் வேண்டுதல்.

தாங்கள் சென்ற ஆண்டு ஜூன் 3 அன்று எழுதிய கடிதம் இவ்வாண்டு ஜனவரி 19, திங்கட்கிழமை முற்பகலில் என்னிடம் வந்தது. இன்றோடு சரியாக நாற்பத்தொன்பது நாள். இத்தாமதத்துக்குக் காரணம் சோம்பல் அன்று. என் இருமலும் அன்று. சந்தேகமே காரணம்.

தங்கள் கடிதத்தை நான் பிழையின்றிப் புரிந்துகொண்டேனா என்று தாங்களே சரிபார்க்கும்பொருட்டு, அதன் சாரத்தை இங்கே திருப்பி எழுதுகிறேன். தங்கள் முதல் கணவர் டிகரி பென்ஹாலோ, ஆடு திருடிய குற்றத்துக்காக 1790இல் கப்பலேற்றப்பட்டார். வழியிலேயே இறந்தார் என்று ஊரில் பேச்சு வந்தது. அதை நம்பித் தாங்கள் 1791 ஆகஸ்டு 16, செவ்வாய்க்கிழமையன்று வில்லியம் ரோஸ்வர்னை மணந்தீர்கள். இப்போது வில்லியமும் காலமாகிவிட்டார். அவருடைய தம்பி ஹானிபல், அந்தச் செவ்வாய்க்கிழமை டிகரி உயிரோடிருந்தார், ஆகவே அந்தத் திருமணம் செல்லாது, பிள்ளைகளுக்குப் பண்ணையில் உரிமை இல்லை என்று வழக்குத் தொடுத்திருக்கிறார். டிகரி எந்நாளில் இறந்தார் என்பதே தங்கள் கேள்வி.

அதே கப்பலில், அதே கேள்வியோடு, ஹானிபலின் வக்கீல் எழுதிய கடிதமும் வந்தது. ஒரே கேள்வி இரண்டு கதவைத் தட்டினால் இரண்டையும் ஒரே கைதான் தட்டுகிறதோ என்று ஐயுறுவது என் இயல்பு. என் பதிலை முன்கூட்டியே அறிவதற்காகத் தங்கள் பெயரில் ஹானிபலே எழுதியிருக்கலாம் அல்லவா? முத்திரை மெழுகைக்கூட விளக்கருகே வைத்து ஒப்பிட்டேன். ஐயம் தீர்ந்தது தங்கள் கடைசிப் பத்தியால். டிகரி ரொட்டியின் கடினமான மேலோட்டை முதலில் தின்றுவிட்டு, மெத்தென்ற நடுப்பகுதியைச் சட்டைப்பையில் சேமிப்பார் என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மை. எந்த வக்கீலுக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். சொல்லத் துணிய வேண்டும் என்று தேவனை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் கெட்ட செய்தி. எங்கள் அடக்கப் பதிவேட்டில் அவ்வரி இப்படி இருக்கிறது: “1791 ஆகஸ்டு 21, ஞாயிறு. டிகரி பென்ஹாலோ, கைதி.” தங்கள் திருமணத்துக்கு ஐந்து நாள் பிந்தியது. எங்கள் குருவானவர், இருபத்தொன்பது வயதுக்காரர், நல்லவர், அவசரக்காரர், இவ்வரியின் நகலில் பிப்ரவரி 2 அன்று கையொப்பமிட்டு வக்கீலுக்கென்று கட்டிவிட்டார். சற்றுப் பொறுக்கச் சொன்னேன். “ஏட்டுல என்ன இருக்கோ அத எழுதி அனுப்பிட்டுப் போவீங்களா, கில்பின்! செத்தவங்கமேல உங்களுக்கு ஏன்தான் இம்புட்டுச் சந்தேகமோ?” என்று சிரித்தார். செத்தவர்கள்மேல் எனக்குச் சந்தேகமில்லை ஐயா, புதைத்தவர்கள்மேல்தான் என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

அம்மையீர், அக்காலத்து ஏட்டில் இறந்த நாளுக்கென்று இடமே கிடையாது. மண்ணில் வைத்த நாளை மட்டுமே பாதிரியார் குறித்தார். எல்லோரும் இரண்டும் ஒன்றென்றே எடுத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 1791 ஜூன் முதல் ஆகஸ்டு முடிய உள்ள வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எந்தெந்தக் கிழமை என்று எழுதிப் பார்த்தேன். இங்கே அது குளிர்காலம். நாற்பத்தெட்டு அடக்கங்களில் முப்பத்தொன்று ஞாயிறும் திங்களும். பிறகு அடுத்த டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய உள்ள கோடைகாலத்தை எடுத்தேன். ஐம்பத்திரண்டு அடக்கங்கள், ஏழு கிழமைகளிலும் சீராகப் பரவிக் கிடந்தன. மரணத்துக்குக் கிழமை பார்க்கத் தெரியாது. குளிர்காலத்தில் மட்டும் அது ஓய்வுநாளை விரும்புவது ஏன்?

காரணம் இதுதான். பண்டகசாலையில் வாரப் படி அளப்பது சனிக்கிழமை. அது பஞ்ச காலம். ஒரு வாரத்து மாவும் உப்பிட்ட இறைச்சியும் நாலு நாளைக்கு வராது. படுத்திருப்பவனின் படியைக் குடிசைத் தோழன் வாங்கலாம் என்பது விதி. ஆகவே ஒருவன் இறந்தால் தோழர்கள் அதை வெளியே சொல்வதில்லை. போர்வையை இழுத்து மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவார்கள். கங்காணி வாசலில் நின்று கத்தினால் காய்ச்சல் என்பார்கள். காய்ச்சலுக்குப் பயந்து அவன் உள்ளே வரமாட்டான். சனிக்கிழமை செத்தவனுக்கும் படி வாங்கிய பிறகே ஞாயிறன்று சாவை அறிவிப்பார்கள். கோடையில் இது முடியாது, வெயில் காட்டிக்கொடுத்துவிடும். ஏடு பொய் சொல்லவில்லை. ஏட்டுக்குச் சொன்னவர்கள் பொய் சொன்னார்கள்.

ஆனால் இக்கணக்கு பொதுவானது. டிகரி எந்நாள் இறந்தார் என்பதை இது நிறுவாது. அதற்கு அவரோடு அந்தக் குடிசையில் இருந்தவனின் சாட்சி வேண்டும். நால்வர் இருந்த குடிசை அது. ஒருவன் 1793 மே 5 அன்று அடக்கமானான். இன்னொருவன் ஜெத்ரோ மம்ஃபோர்டு. ஆற்றுக்கு அக்கரையில் சோளம் போட்டுக்கொண்டு, அதைவிட அதிகமாக ரம் குடித்துக்கொண்டு இருக்கிறான். பிப்ரவரி 14, சனிக்கிழமை, ஓடம் பிடித்து அவனிடம் போனேன்.

வாசலிலேயே வரவேற்றான்: “அடடே, எழுத்தரய்யா! செத்தவன் கணக்கெல்லாம் முடிஞ்சு இப்ப உசிரோட இருக்கறவன் கணக்குக்கு வந்துட்டீராக்கும்? என் பேரை இப்பவே எழுதிறாதீரும், சோளம் அறுக்கணும்.” நான் வந்த காரியத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. யார் யாரிடம் இதைச் சொன்னீர் என்று மூன்று முறை கேட்டான். வேலிக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மாஜிஸ்திரேட்டு முன்னால் சத்தியம் செய்ய அழைத்தேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தாங்கள் பொறுத்தருள வேண்டும்: “நல்லா இருக்குய்யா நியாயம்! நான் மட்டும் கழுத்த நீட்டணும், நீரு வெள்ளைக் காலர் மாட்டிக்கிட்டு ஓரமா நிக்கணுமா? அந்த மாவுல ரொட்டி சுட்டது யாரு? நானா? எனக்குக் கஞ்சி காய்ச்சக்கூடத் தெரியாதே!”

அம்மையீர், ரொட்டி சுட்டவன் நான்.

நாலாமவன் நானே. டிகரியோடு அதே கப்பலில், வேறொருவர் கையொப்பத்தை நான் இட்ட குற்றத்துக்காக, வந்தவன். இவ்வளவு தூரம் எழுதியும் இதை மறைத்தேன். ஜெத்ரோ ஒருவனே சத்தியம் செய்தால் என் பெயர் வெளிவராது என்று நம்பித்தான் ஓடம் ஏறினேன். பதினாறு ஆண்டாக இத்தேவாலயத்தின் ஏடு என் கையில் இருக்கிறது. 1805இல் பழைய ஏட்டைக் கரையான் அரித்தபோது முழுவதையும் பிரதி எடுத்தவன் நான். அந்த ஆகஸ்டு 21 வரி வந்ததும் என் கை நின்றது. பிறகு எழுதிற்று. ஹானிபலுக்குப் போகும் நகல் என் கையெழுத்தின் நகல்.

உண்மை இது: டிகரி 1791 ஆகஸ்டு 12, வெள்ளிக்கிழமை, காலை மணி அடிப்பதற்குச் சற்று முன் வயிற்றுக்கடுப்பால் இறந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். மறுநாள் 13ஆம் தேதி அவர் பெயரில் படி வாங்கினோம். அன்றே சொல்லியிருக்கலாம். உறைபனி விழுந்துகொண்டிருந்தது, இன்னொரு வாரம் தாங்கும் என்று ஜெத்ரோ சொன்னான், நான் மறுக்கவில்லை. 20ஆம் தேதியும் வாங்கினோம். 21 அன்று அடக்கம். தாங்கள் மணந்த செவ்வாய்க்கிழமையில் தாங்கள் விதவை. நாலு நாளாக விதவை. அதில் ஐயமில்லை.

மார்ச் 6, வெள்ளிக்கிழமை, நானும் ஜெத்ரோவும் மாஜிஸ்திரேட்டு முன் நின்றோம். அவர் என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். “பொய்க் கையெழுத்துப் போட்டுக் கப்பலேறுன ஆளு, இப்ப ஏடு பொய்யின்னு சொல்ல வந்திருக்கீரு. உம்ம எதை வச்சு நம்பச் சொல்றீரு? அதுவும் இருபத்தேழு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு?” என்றார். இருபத்தாறு ஆண்டு, ஆறு மாதம், இருபத்திரண்டு நாள் என்று திருத்தினேன். பிறகு கிழமைக் கணக்கை மேசைமேல் விரித்தேன். நெடுநேரம் பார்த்தார். கோடைப் பக்கத்தைத் திருப்பிக் குளிர்காலப் பக்கத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். முத்திரை மெழுகைக் கேட்டார். ஜெத்ரோவும் தன் குறியை இட்டான். வெளியே வந்ததும், “இனிமே ரொட்டி சுடறதுக்கு நேரம் கிடைக்கும் உமக்கு” என்று என் முதுகில் தட்டினான்.

அவன் சொன்னது பலித்தது. அன்று மாலையே குருவானவர் தேவாலயச் சாவியைக் கேட்டார். கண்ணைப் பார்க்காமல் கேட்டார். கொடுத்துவிட்டேன். ஆகையால் இக்கடிதத்தின் தொடக்கத்தில் ‘தேவாலய எழுத்தர்’ என்று எழுதியது பிழை, பழக்கத்தால் வந்தது. அடித்துத் திருத்தினால் கடிதத்தின்மீது ஐயம் வரும் என்று விட்டுவைத்தேன்.

பிரமாணப் பத்திரமும் கிழமைக் கணக்கும் இத்துடன் உள்ளன. இரண்டையும் இரண்டு பிரதி எடுத்து, மறு பிரதியை அடுத்த கப்பலில் அனுப்புகிறேன். ஒரு தபால் பையை முழுதாக நம்ப என்னால் முடியாது. ஹானிபலின் நகலும் இதே பையில்தான் பயணம் செய்கிறது. தாங்கள் பொதியைத் தபால் நிலையத்துக்குத் தாங்களே போய் வாங்குங்கள். முத்திரையில் கீறல் இருந்தால் பிரிக்காமல் சாட்சிகளை அழையுங்கள்.

ஒரு செய்தியை நான் சத்தியத்தில் சேர்க்கவில்லை. இறப்பதற்கு முன் டிகரியே, “சனிக்கிழமை வரைக்கும் வாயத் திறக்காதீங்கடா, என் பங்க நீங்க தின்னுங்க” என்று சொன்னதாக ஜெத்ரோ உறுதியாகச் சொல்கிறான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்; எனக்குக் கேட்ட நினைவில்லை. அவர் சொல்லியிருக்கலாம். தின்றவர்கள் பின்னால் தம் சொந்த ஆறுதலுக்காக உண்டாக்கிய பேச்சாகவும் இருக்கலாம். எனக்கு மிகவும் விருப்பமான செய்தி என்பதாலேயே அதை நான் நம்பவில்லை. அவரை அறிந்தவர் தாங்கள். அவர் அப்படிச் சொல்லக்கூடியவர்தானா என்று தாங்களே தீர்மானியுங்கள். எனக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

அவர் சட்டைப்பையில் ரொட்டியின் நடுப்பகுதி கொஞ்சம் இருந்தது. அதையும் நாங்கள் பங்கிட்டுக்கொண்டோம்.

தாயே, ஒரு வேண்டுகோள். வழக்கில் தாங்கள் வென்று, தங்கள் பிள்ளைகளோடு அந்தப் பண்ணையின் மேசையில் உட்காரும் முதல் ஞாயிறன்று, ரொட்டியைப் பிட்கும் முன் டிகரி பென்ஹாலோவின் பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லி, தேவனுக்கு நன்றி சொல்லுங்கள். அந்த இரண்டு சனிக்கிழமையும் நாங்கள் அதைச் சொல்லாமலே சாப்பிட்டோம்.

தங்கள் வீட்டு மேசை என்றும் நிறைந்திருக்கட்டும்.

தங்கள் பணிவுள்ள,
அம்புரோஸ் கில்பின்